கலவரம் இரண்டில் கரண்ட் போகாது

மிக்கேலுக்கு ஒரு சொட்டு லைஃப் மிச்சமிருந்தபோது கரண்ட் போனது. திரையில் அவனுடைய ஆள் சுவரோரம் சாய்ந்து கிடந்தான். ஜெனிபாவின் ஆள் காலைத் தூக்கியிருந்தான். அந்தக் கால் இறங்கவில்லை.

தர்மக்கனி அண்ணாச்சியின் கேம் சென்டரில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனால் அந்த ஆட்டம் செல்லாது. வந்த பிறகு முதலிலிருந்து ஆட வேண்டும். அதுவரை ஆடுகிறவர்கள் நாற்காலியை விட்டு எழக்கூடாது. எழுந்தவர் தோற்றவர். தோற்கப் போகிறவர்கள் இருட்டில் போய் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டி ரிப்பேர் என்று சொல்ல ஆரம்பித்த பிறகு அண்ணாச்சி கொண்டுவந்த சட்டம். கரப்பான்பூச்சிக்குத் துள்ளி எழுந்து தோற்றவர்கள் இருக்கிறார்கள்.

அன்றைய ஆட்டம் சாதாரணமானதல்ல. ஞாயிற்றுக்கிழமை மதுரையில் 'கலவரம்' என்ற இந்தச் சண்டை கேமுக்குப் போட்டி. தூத்துக்குடியில் எங்கள் சென்டரிலிருந்து ஒருவர்தான் போகலாம். நான் உட்பட எல்லோரும் தோற்று எழுந்து, இவர்கள் இருவர் மட்டும் மிஞ்சியிருந்தார்கள். மிக்கேல் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். கையால் தோற்றிருக்கிறான், வாயால் தோற்றதில்லை. ஜெனிபா பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். சென்டரில் அவள் குரலைக் கேட்காதவர்கள் உண்டு.

மதியம் மூன்று மணி. ஷட்டரை முழுக்க ஏற்றியும் உள்ளே அடுப்புப் போல இருந்தது. நேரத்தைப் போக்க, கலவரம் இரண்டாம் பாகம் தீபாவளிக்கு வருகிறதாமே, அது எப்படி இருக்குமோ என்று, எங்களோடு தோற்று நின்ற செய்யது பொதுவாகக் கேட்டான்.

"எப்படி இருக்கும்னா? நான் ஆடி முடிச்சு ஒரு வாரம் ஆச்சுல மக்கா" என்றான் மிக்கேல்.

வெளியே வராததை எங்கே ஆடினாய் என்று செய்யது கேட்டான். பெங்களூரில் பெரியம்மா மகன் ஒருவன் இருக்கிறானாம். விளையாட்டுகளை வெளியிடுவதற்கு முன் ஆடிப் பார்ப்பதுதான் அவனுக்கு வேலையாம். மூன்றாவது கட்டத்தைத் தாண்ட முடியாமல் கம்பெனியே திகைத்து நிற்க, அவன் மிக்கேலுக்குப் போன் செய்து அழுதானாம். போன வாரம் ஐஸ் கம்பெனிக்கு லீவு போட்டது அதற்குத்தானாம். அப்போது காய்ச்சல் என்று சொன்னாயே என்றேன். ஆடிய சூட்டில் வந்த காய்ச்சல் என்றான்.

முதல் பாகத்தில் ஆளுக்கு வேர்த்தால் வெறும் பளபளப்புத்தான். இரண்டாம் பாகத்தில் வேர்வை நாற்றம் அடிக்கிறது. மிக்கேல் ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் ஆடினானாம். முதல் பாகத்தில் குத்து விட்டால் சத்தம் மட்டும் வரும். இதில் காற்று வருகிறது. மூன்றாவது வீட்டு அக்கா துவைத்த துணியையெல்லாம் கொண்டுவந்து டிவிக்கு முன்னால் கொடி கட்டிக் காயப்போட்டாள். ஒரு போர்வை மட்டும் கிழிந்துவிட்டது. அது அவன் வலது கையால் குத்தியது.

"மழை சீன் உண்டால?" என்று செய்யது கிண்டலாகக் கேட்டான்.

மழை சீனைப் பற்றிப் பேசாதே என்றான் மிக்கேல். அன்று மட்டும் தார்ப்பாய் விரித்து ஆட வேண்டியிருந்தது. சுவிட்சை அணைத்த பிறகும் கட்டிலுக்கு அடியில் தவளை கத்தியது.

அண்ணாச்சி கல்லாவில் தலை கவிழ்ந்து சிரித்தார். சிரிக்கிறார் என்று தெரிந்ததும் மிக்கேல் வேகமெடுத்தான். முதல் பாகத்து ஆட்களுக்கு ரோஷம் கிடையாது, எத்தனை அடித்தாலும் அடுத்த ஆட்டத்துக்குப் புதிதாக வந்து நிற்பான்கள். இவன்கள் அப்படியில்லை. முதல்நாள் மிக்கேல் அடித்த ஒருவன் மறுநாள் திரைக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவனுடைய தாய்மாமன் என்று ஒரு கிழவன் வந்து நின்று, பையனை நாலு பேர் பார்க்க அப்படி அடித்திருக்கக்கூடாது என்றான். மிக்கேல் வருத்தம் தெரிவித்த பிறகுதான் ஆட்டம் ஆரம்பித்தது.

நாலு பேர் ஆடுவதெல்லாம் பழைய கதை, இதில் தெருவே சேர்ந்து ஆடலாம் என்றான். ஜப்பான்காரன், பிரேசில்காரன் எல்லோரும் வருவான்களாம். நெட் சுற்றிக்கொண்டு நிற்குமே என்றேன். எங்கள் சென்டரில் அதுதான் தீராத வியாதி.

"முன்னெல்லாம் நாம அடிச்ச அடி போய்ச் சேர லேட்டாவும். இதுல நாம அடிக்கிறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துருதுடே. ஜப்பான்காரன் ஒருத்தன், நான் மறுநாள் அடிக்கப் போற அடிக்கு முந்தின நாளே கட்டுப் போட்டுட்டு வந்து நின்னான்."

செய்யது சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். இவ்வளவையும் இந்த ஊர் கரண்டில் எப்படி ஆடினாய் என்று அண்ணாச்சி கேட்டார். மிக்கேல் அதற்காகவே காத்திருந்தவன்போலத் திரும்பினான். கலவரம் இரண்டில் கரண்ட் போகாது. அதற்குக் கரண்டே வேண்டாம். உள்ளே அடிக்கிற அடியில் அதுவே உற்பத்தி செய்துகொள்கிறது. மிச்சமானது ஒயர் வழியாக வெளியே வந்து, அவன் ஆடுகிற நேரத்தில் தெருவில் எல்லா வீட்டிலும் ஃபேன் ஓடியது. அவன் தோற்றால் மட்டும் நின்றுவிடும்.

"அப்ப ஓடியிருக்காதே" என்றான் செய்யது.

மிக்கேல் அதைக் கேட்காதவன்போல, டிஸ்க் இப்போதும் வீட்டில் ஃபிரிஜ்ஜுக்கு மேல்தான் இருக்கிறது, கதவு திறந்துதான் கிடக்கிறது, முதலில் போய் எடுக்கிறவர் ஆடிக்கொள்ளலாம் என்றான். எங்களிடம்தான் சொன்னான், பார்த்தது ஜெனிபாவை. எழுந்தால் தோற்கிறவள் அவள்தான், நாற்காலிச் சட்டம் எங்களுக்குக் கிடையாது. அவள் துப்பட்டா நுனியால் கன்ட்ரோலரின் பட்டன்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எழவில்லை.

பிறகு, துடைப்பதை நிறுத்தாமலேயே, புது அடி ஏதாவது சேர்த்திருக்கிறானா என்று கேட்டாள். எங்களுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. மிக்கேலுக்குச் சந்தோஷமாக இருந்தது.

சுறாச் சுழற்று என்று ஒன்று இருக்கிறது என்றான். எதிராளி காற்றில் ஏழு சுற்றுச் சுற்றி, இறங்கும்போது மன்னிப்புக் கேட்டபடி இறங்குவான். கம்பெனிக்காரன்களுக்கே அது வரவில்லை. மிக்கேல் செய்து காட்டியதைப் படம் பிடித்துத்தான் உள்ளே வைத்தார்கள்.

"கால் எங்கருந்துண்ணே வரும்?" என்றாள்.

மிக்கேல் உட்கார்ந்தபடி கையால் காட்டினான். விளங்கவில்லை என்றாள். இரண்டு விரல்களைக் கால்களாக்கித் தொடையில் நடக்கவிட்டுக் காட்டினான். அவள் யோசித்தாள். இடுப்பைத் திருப்பாமல் அந்தக் கால் வராதே, பெரியம்மா மகன் ஏதாவது தப்பாகச் சொல்லியிருப்பான் என்றாள்.

"அவன் என்னத்தச் சொல்லுதது? போட்டதே நாந்தானே. இந்தா பாரு" என்ற மிக்கேல், இடது காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, வலது காலைத் தோள் உயரத்துக்கு வீசி ஒரு சுற்றுச் சுற்றி நின்றான். உண்மையில் நல்ல சுற்று. செய்யது கைதட்டினான். பிறகு அவன் கையும் நின்றுவிட்டது.

அண்ணாச்சி கல்லாவிலிருந்து மெதுவாகச் சொன்னார். "மிக்கேலு, எந்திரிச்சிட்டியேப்பா."

மிக்கேல் தன் கால்களைப் பார்த்தான். பின்னால் திரும்பி நாற்காலியைப் பார்த்தான். மதுரை கைவிட்டுப் போனது அவன் முகத்தில் ஒரு நொடி தெரிந்தது. ஒரு நொடிதான்.

"நான் எங்க அண்ணாச்சி எந்திரிச்சேன்? நாற்காலிதான் கீழ போயிருக்கு. ரெண்டாம் பாகத்துல அப்படித்தான் வச்சிருக்கான்."

ஜெனிபா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரிண்ணே. அது மேல வாறது வரைக்கும் நின்னுக்கிட்டிருங்க."