பூங்கோதையின் மூன்று கடிதங்கள்

விண்கப்பல் விளையாட்டு ஒன்று இருந்தது. அதை இயக்கும் கணினி நிரலை, உருவாக்கிய நிறுவனம் யாருக்கும் காட்டாது. ஆனால் வெளியாட்கள் தாங்கள் எழுதிய புதுப் பயணங்களை அதில் செருகி விளையாடலாம். அப்படி எழுதுவதில் பெயர் எடுத்தவள் நாகர்கோவில் ருக்சானா. வயது இருபத்தெட்டு. அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர் தேவசகாயம், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்.

எரியும் கப்பலிலிருந்து ஒன்பது பேரை மீட்பதுதான் அவர் எழுதிய முதல் பயணம். நானூறு பேர் தரவிறக்கினார்கள். பலருக்கு நடுவழியில் விளையாட்டே மூடிக்கொண்டது.

ஒரு காலை, மடிக்கணினியோடு அவள் வீட்டுக்கு வந்தார்.

"கம்பெனிக்காரன் உள்ளே என்ன வெச்சிருக்கான்னே தெரியலை, டீச்சர். மூடிக் கிடக்கிற ஒண்ணுக்குள்ள பிழையை எப்படித் தேடறது?"

"விளையாடினவங்க யாராவது ஏதாவது சொன்னாங்களா, சார்?"

"இல்லை."

சொல்லும்போதே அவருக்குக் காது சூடேறியது.

ருக்சானா அவருடைய பயணத்தின் கருத்துப் பக்கத்தைத் திறந்தாள். உரக்கப் படித்தாள்.

"'ஐயா, மருத்துவரை முதலில் இறக்கினால் விளையாட்டு மூடிக்கொள்கிறது. பூங்கோதை, கரூர்.'"

கீழே அவருடைய பதில். அதையும் படித்தாள்.

"'விளையாடத் தெரியாதவர்களுக்கு அப்படித்தான் ஆகும்.'"

"போதும் டீச்சர்."

அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது கடிதத்தில் பூங்கோதை திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். 'உங்கள் கணினி பழசு' என்பது அவர் பதில். மூன்றாவதில், எந்தக் கதவருகே எந்த வினாடியில் என்றுகூடக் குறித்திருந்தாள். அதற்குப் பதிலே இல்லை.

கடிதத்தில் இருந்தபடியே ருக்சானா விளையாடினாள். மருத்துவரை முதலில் இறக்கினாள். திரை இருண்டது.

தேவசகாயம் தன் நிரலைத் திறந்தார். தேட வேண்டியிருக்கவில்லை. இறங்கிப் போய்விட்ட மருத்துவரை இன்னும் கப்பலுக்குள் எண்ணிக்கொண்டிருந்தது, அவர் கையால் எழுதிய ஒரு வரி.

மாற்றினார். மறுபடி ஓட்டினார். ஒன்பது பேரும் பத்திரமாக இறங்கினார்கள்.

முப்பது வருடம் பிள்ளைகளின் கோணல் கோடுகளுக்குச் சிவப்பு மை போட்ட மனிதர். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பிழை போயிடுச்சு டீச்சர்," என்றார் மெதுவாக. "இப்பவே புதுப் பதிப்பை ஏத்திடறேன். சின்னத் திருத்தம்னு ஒரு வரி போட்டாப் போதும்."

"நாலாவது தடவை அந்தம்மா எழுதவே இல்லையே, சார். அவங்களை நிறுத்த வெச்ச பிழை எந்த வரியில இருக்கு?"