மேலத்தெருவில் ஓட்டு வேட்டை

ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு நின்ற செங்கோடனுக்குத் தலைகால் புரியவில்லை. பிரசாரம் ஓய இன்னும் ஒரு மணி நேரம்தான். ஜீப்பை நேரே மடத்துக்கு விடச் சொன்னார்.

மடத்தின் குரு மெய்யம்மை அவரைவிட வயதில் இளையவர். இருந்தாலும் செங்கோடனுக்கு அவர் சொல்தான் வேதவாக்கு.

"அம்மா, ஜெயிச்சாச்சுங்க! கேபிள் டிவியில ஊர் மேப்பையே கலர் அடிச்சுக் காட்டிட்டாங்க. கீழத்தெரு பூராவும் நம்ம சாதிசனம், பச்சை. மேலத்தெரு, என்னை எதிர்த்து நிக்கிற அந்தச் சடையப்பனோட ஆளுங்க, சிவப்பு. தலையை எண்ணிப் பார்த்தா நாமதான் கூட. ஆசீர்வாதம் பண்ணுங்க!"

"மேலத்தெருக்காரங்க என்ன சொல்றாங்க?"

"அங்க எதுக்குங்க போவணும்? சிவப்புன்னு டிவியிலயே சொல்லிட்டாங்களே."

மெய்யம்மை எழுந்து போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

"மேலத்தெருவுக்கு விடுங்க."

செங்கோடன், கல் வந்து விழுந்தாலும் விழும் என்று தலைத்துண்டை இறுக்கிக்கொண்டார். நடந்ததோ வேறு. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். விசில் பறந்தது. கண்மூடித் திறப்பதற்குள் தெருவே திரண்டுவிட்டது.

"அட, நம்ம தெருவுக்கும் ஓட்டுக் கேட்டு ஆள் வந்திருக்கு!" என்று கூவினாள் முன்னால் நின்ற பவளக்கொடி.

"ஏம்மா, சடையப்பன் வரலையா?" என்றார் செங்கோடன்.

"அவரு எதுக்குங்க வர்றாரு? எங்க ஓட்டு அவருக்குத்தான்னு டிவியில சொல்லிட்டாங்களே."

"அப்ப, நீங்க அவருக்குப் போடலையா?"

"இன்னும் முடிவு பண்ணலீங்க. நீங்க பேசுங்க, கேட்டுப் பாக்கறோம்."

செங்கோடனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை ஓட்டும் கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறதே! டிரைவரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"நம்ம சாதிசனமே..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குருவின் பக்கம் குனிந்தார்.

"அம்மா, நம்மாளு நிக்கிறேன், போடுங்கன்னுதான் இத்தனை நாளும் பேசினேன். இவங்ககிட்ட நான் என்னத்தைச் சொல்ல?"

"ஜெயிச்சு வந்தா என்ன செய்வீங்கன்னு சொல்லுங்க."

தெரு மொத்தமும் செங்கோடன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு ஒன்றும் வரவில்லை.