ஹைபத் கான் வைத்த கல்

முன்னொரு காலத்தில் ஆப்கானிய மலைகளுக்கு நடுவே தோர்யாலை ஷா என்றொரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டு வந்தார் என்பது பேச்சுக்குத்தான். வருஷத்தில் பாதி நாள் அவருக்குக் குதிரை மேலேயே கழிந்தது. பரம்பரை ராஜாவும் இல்லை. சிதறிக் கிடந்த மலைக்குலங்களின் தலைவர்கள் ஒன்பது நாள் சபை கூடி, யார் ராஜா என்று அடித்துக்கொண்டார்கள். அத்தனை நாளும் வாயைத் திறக்காமல் உலர்ந்த திராட்சை மென்றுகொண்டிருந்தவர் இவர் ஒருவர்தான். யாரையும் பகைத்துக்கொள்ளாத ஆள் என்று இவர் தலையில் ராஜ தலைப்பாகையைச் சுற்றிவிட்டார்கள். சுற்றிய மறுநாளே மனுஷர் ஊர் ஊராகப் படையெடுக்கக் கிளம்பிவிட்டார்.

சில வருஷங்களில், சாம்ராஜ்யம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நாடு வளர்ந்தது. ஆனால் சமவெளியில் குலாப்கோட்டை என்று ஓர் ஊர். அதை மட்டும் ஐந்து தடவை பிடித்திருந்தார். குளிர்காலத்தில் போவார், ஜெயிப்பார். வெயில் ஏறியதும் வீரர்கள், எங்களுக்கு இந்தச் சூடு ஆகாது என்று மூட்டை கட்டிவிடுவார்கள். ராஜா மலையேறிய மறுவாரமே குலாப்கோட்டைக்காரர்கள் அவர் கொடியை இறக்கி, பத்திரமாக மடித்து வைத்துவிடுவார்கள். அடுத்த குளிருக்குத் தேவைப்படும் அல்லவா?

ஆறாவது படையெடுப்பைப் பற்றிப் பேச்சு வந்தபோது மந்திரி மிர்ஸா யூனுஸுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“அரசே, ஒரே ஊரை ஐந்து தடவை பிடித்தோம் என்றால், ஐந்து தடவை விட்டோம் என்றும் ஆகிறதே.”

சபையில் யாரோ தாடிக்குள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகிப் போனது. ராஜாவின் முகம் கறுத்தது. தளபதி ஹைபத் கானுக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். மந்திரி வெள்ளை என்றால் கறுப்பு என்பவர் அவர். ராஜா மந்திரியிடம் யோசனை கேட்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். போரைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர், இந்த முறை முன்வரிசையில் கொடி பிடித்து வரட்டுமே என்றார். ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டார்.

மிர்ஸா யூனுஸ் அரண்மனைப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிற மனிதர். ஐந்து போரிலும் முன்வரிசையில் கொடி பிடித்தவர்கள் ஐந்து பேர். ஒருவரும் திரும்பி வரவில்லை. அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. மூன்றாம் நாள் குலாப்கோட்டைத் தூதர்கள் முலாம்பழக் கூடைகளோடு வந்து நின்றபோதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

தூதர்கள் கேட்டது சின்ன விஷயம். திராட்சை அறுவடை முடியும்வரை நாற்பது நாள் சண்டை வேண்டாம். ராஜாவின் வீரர்களுக்கும் தங்கள் தோட்டங்களில் பழம் காத்திருந்ததால் ராஜா ஒப்புக்கொண்டார். அந்த மலைகளில் சண்டையை நிறுத்த ஒரு வழக்கம் உண்டு. கணவாய் வாசலில் ஒருவர் எல்லார் முன்னாலும் ஒரு கல்லை வைப்பார். கல் இருக்கும்வரை சண்டை கூடாது. மறுபடி சண்டை வேண்டுமானால், வைத்தவரே வந்து தன் இரு கையால் அதைத் தூக்கி எடுக்க வேண்டும். கல் இருக்கும்போது கத்தி எடுத்தவனின் வீட்டை எல்லாக் குலமும் சேர்ந்து கொளுத்தும். ராஜாவின் வீடானாலும் அதே கதிதான்.

மந்திரி இடுப்புத் துணியிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து நீட்டினார்.

“எலுமிச்சம்பழ அளவு போதும் அரசே. ஆட்டுக்காரர்கள் சண்டைக்கும் இதைத்தான் வைக்கிறார்கள்.”

மந்திரி போதும் என்ற பிறகு தளபதியால் சும்மா இருக்க முடியுமா?

“ஆட்டுக்காரனுக்கு வைக்கிற கல்லையா சக்கரவர்த்திக்கு வைப்பது? நம் ராஜாவின் கல் ஐந்து காதத்துக்கு அப்பாலும் தெரிய வேண்டும்.”

மந்திரி தயங்கினார், கெஞ்சினார், பெரிய கல்லெல்லாம் வேண்டாமே என்று கையைப் பிசைந்தார். அவர் கெஞ்சக் கெஞ்ச தளபதியின் கல் வளர்ந்துகொண்டே போனது. குடம் அளவில் தொடங்கி, எருமை அளவாகி, கடைசியில் யானையில் வந்து நின்றது. ராஜாவும் தாடியைத் தடவிக்கொண்டு, யானையே இருக்கட்டும் என்றார். இருநூறு பேர் சேர்ந்து மலைச்சரிவிலிருந்து ஒரு பாறையை நெம்பி உருட்டிவிட்டார்கள். அது தடதடவென்று இறங்கி, கணவாய் வாசலில் மண்ணைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தது. ஹைபத் கான் அதன்மேல் கை வைத்து, இது நான் வைத்த கல் என்று குலத் தலைவர்கள் எல்லாரும் கேட்க முழங்கினார்.

நாற்பது நாள் போனது. முரசு கொட்டியது, படை அணிவகுத்தது. மிர்ஸா யூனுஸ் கையில் கொடி. காற்றே இல்லாமல் அது கிடுகிடுவென்று ஆடியது. தளபதி கல்லருகே போனார். ஒரு சுற்று சுற்றி வந்தார். தோளைக் கொடுத்துப் பார்த்தார். பிறகு மெல்ல, கடப்பாறை கொண்டு வாருங்கள் என்றார்.

குலத் தலைவர்களில் மூத்தவர் முன்னே வந்து நின்றார்.

“இரு கையால் தூக்க வேண்டும் கான் சாகிப். நெம்பக் கூடாது, உருட்டக் கூடாது. வழக்கத்தை மீறலாம் என்றால், ராஜாவை நாங்கள் தேர்ந்தெடுத்ததும் ஒரு வழக்கம்தான், அதையும் மீறலாம்.”

ராஜாவுக்கு அந்தப் பேச்சு நன்றாகவே புரிந்தது. கடப்பாறையைத் திருப்பி அனுப்பினார். தளபதி மூன்று முறை முக்கிப் பார்த்தார். மூன்றாவது முறை தலைப்பாகை கழன்று மண்ணில் விழுந்தது, பாறை அசையவில்லை. ராஜா பாறையைப் பார்த்தார், தளபதியைப் பார்த்தார், கடைசியில் மந்திரியைப் பார்த்தார்.

“மிர்ஸா, உமக்கு இது முன்பே தெரியுமா?”

“எனக்கென்ன தெரியும் அரசே? எலுமிச்சம்பழ அளவு போதும் என்றல்லவா சொன்னேன்.”

ராஜாவின் உதடு துடித்தது. கோபம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மனுஷர் குதிரை மேலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இறங்கி வந்து, கொடியை மந்திரி கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தம் சால்வையை அவர் தோளில் போர்த்தினார். மந்திரியோ பணிவாக, கல்லை வைத்தவருக்கல்லவா முதல் மரியாதை என்றார். ராஜாவுக்கு அது இன்னும் பிடித்துப்போயிற்று. சமாதானம் தந்த மகான் ஹைபத் கான் என்று குலாப்கோட்டை முழுக்க முரசறையச் சொன்னார்.

படை வராத அந்த வருஷம்தான் குலாப்கோட்டை முதல் முறையாகத் தானாகவே ராஜாவுக்குத் தலை வணங்கியது. ஊர்ப் பெண்கள் பிறந்த ஆண்பிள்ளைக்கெல்லாம் ஹைபத் என்று பெயர் வைத்து, ஆசி வாங்கத் தளபதி வீட்டு வாசலில் வரிசை கட்டினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஆசி தர வேண்டும் என்று ராஜாவின் உத்தரவு, மறுக்கவும் முடியாது. தளபதி பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு குழந்தையாக வாங்கி, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். இதையாவது தூக்க முடிந்ததே என்று சொல்லிவிட்டு, ஊர்க்காரர்கள் அடுத்த குழந்தையை நீட்டினார்கள்.