மிக்கேலின் இடது கை

ரீத்தம்மாளைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

அவள் மகன் மிக்கேல் பந்து வீசிக்கொண்டிருந்தான். பதினெட்டு வயது. இடது கை வேகப்பந்து.

"மகன் போடுறதப் பாக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"நான் பாத்தா அவன் என்னையப் பாப்பான் சார். அப்புறம் ஸ்டம்ப யாரு பாக்குறது?"

"அப்ப எதுக்கு வெயில்ல வந்து உக்காந்திருக்கீங்க?"

"சத்தம் கேக்குதுல்லா."

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை.

"ஸ்டம்ப் விழுந்துட்டு," என்றாள்.

விழுந்திருந்தது.

புரட்டாசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாள். திரும்பும்போது நடந்து வரவில்லை.

*

மாவட்டக் கிரிக்கெட் அணிக்காக ஆள் பார்ப்பது அப்போது என் வேலை. ஊர் ஊராகப் போய் மேட்ச் பார்க்க வேண்டும். சென்னையில் நடக்கும் கேம்ப்புக்கு யாரை அனுப்பலாம் என்று சொல்ல வேண்டும்.

அந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வைகுண்டம் சார். நூல் மில்லிலிருந்து ஓய்வு பெற்றவர். இடது கைக்காரனைக் கண்டுபிடிக்க அவரை விட்டால் ஆள் இல்லை என்று தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி வரை சொல்வார்கள். எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அவர் முன்னால் மட்டும் இன்னும் மாணவன்.

தை மாதம் அவரைத் தேடிப் போனேன். வாசலில் நின்று சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"சார், மிக்கேல் போயிட்டான்," என்றேன்.

"எங்க?"

"பந்து போயிட்டு சார். போடுற பந்தெல்லாம் வைடு. கீப்பர் பாயுறான், எட்ட மாட்டேங்குது. போன வருஷம் அவன் பந்தக் கண்டு பேட்ஸ்மேன் பயந்தான். இப்ப கீப்பர் பயப்படுதான்."

"நீ என்ன செஞ்ச?"

"ஓடி வார தூரத்தக் குறைச்சேன்."

"சரி."

"மணிக்கட்டு சாயுதுன்னு அதத் திருத்துனேன்."

"சரி."

"பந்து விழ வேண்டிய இடத்துல என் செருப்ப வச்சு, இதுல படுற மாதிரிப் போடுன்னு சொன்னேன்."

"பட்டுதா?"

"இல்ல சார். நாய் தூக்கிட்டுப் போயிட்டு."

அவர் சிரித்தார். பிறகு செயினைச் சுற்றிவிட்டு, அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷத்தோட அவனுக்கு வயசு தாண்டுது சார். இப்ப போகலன்னா இனிப் போகவே முடியாது. நாளைக்கழிச்சு நான் பேரு சொல்லியாகணும். சொல்லட்டா, விட்டுரட்டா?"

"நாளைக்கு மேட்ச் இருக்கா?"

"இருக்கு."

"வாரேன்."

*

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மைதானத்தின் நடுவே பிட்ச்சுக்குக் கயிற்றுப் பாய் விரித்து ஆணி அடித்திருந்தார்கள்.

மிக்கேல் வீச வந்தான். முதல் பந்து வைடு. இரண்டாவது வைடு. மூன்றாவது எல்லைக் கோட்டைத் தொட்டது. கேப்டன் இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்தான்.

நான் மிக்கேலின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தீங்களா சார், கடைசி நேரத்துல சாயுது."

வைகுண்டம் சார் பந்து போய்க்கொண்டிருக்கும்போது வேறு எங்கோ பார்த்தார். பந்து திரும்பி வரும்போது மட்டும் மிக்கேலைப் பார்த்தார்.

ஓவர் முடிந்ததும் கேட்டார்.

"பந்த எந்தக் கையில வாங்குதான்?"

நான் யோசித்தேன்.

"வலது கையில."

"போன வருஷம்?"

"போன வருஷம் எல்லாம் இடது கைதான். அம்பயர்கிட்ட இருந்து தொப்பி வாங்குறதுகூட இடது கைதான். நானே ஒரு தடவை சத்தம் போட்டிருக்கேன். இப்ப மரியாதை கத்துக்கிட்டான் போல."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். அதன் பிறகு கொஞ்ச நேரம் பேசாமலிருப்பது நல்லது.

மிக்கேல் அடுத்த ஓவருக்கு வந்தான். வலது கையில் பந்தை வாங்கினான். வலது கையில் பிடித்தபடியே நடந்து போனான். ஓடத் தொடங்கும்போதுதான் இடது கைக்கு மாற்றினான். சுடுகிற பாத்திரத்தைத் தொடப் போகிறவன் மாதிரி.

*

மேட்ச் முடியும் முன்பே வைகுண்டம் சார் எழுந்துவிட்டார்.

"இடது கைக்காரன் எங்க இருந்து வாரான், நாயகம்?"

"பிறவியிலயே வாரது சார்."

"பிறவியில நம்ம ஊர்ல நிறையப் பேருக்கு இடது கைதான். கிரவுண்டுக்கு எத்தனை பேரு வந்து சேருதான்?"

"ஒண்ணு ரெண்டு பேரு."

"மத்தவன்லாம் எங்க போனான்?"

"வீட்லயே மாத்திருவாங்க சார். சோத்துல இடது கைய வச்சா அடி. பள்ளிக்கூடத்துல இடது கையால எழுதுனா அடி."

"அப்ப, வந்து சேர்ந்தவன்?"

அவர் மைதானத்தை விட்டு நடக்கத் தொடங்கினார்.

"அவன் வீட்ல ஒரு ஆளு அவன அடிக்காம விட்டிருக்கு," என்றார். "நான் அந்த ஆளத்தான் முதல்ல தேடுவேன். வா, மிக்கேல் வீட்டுக்குப் போவோம்."

"அந்த ஆளு செத்துப்போச்சே சார்."

"தெரியும். அதான் போறோம்."

*

மிக்கேலின் அப்பா சூசை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தார். அவரே மீன் குழம்பு வைத்திருந்தார். நாங்கள் எவ்வளவு மறுத்தும் விடவில்லை. மிக்கேலும் வந்து சேர்ந்தான். நால்வரும் தரையில் உட்கார்ந்தோம்.

மிக்கேல் வலது கையால் சாப்பிட்டான். விரல்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. பிசைந்த சோறு வாய்க்குப் போகும் வழியில் பாதி உதிர்ந்தது. மீனில் முள் எடுக்கத் தெரியாமல் அதை ஓரமாகத் தள்ளி வைத்தான். நன்றாக மெலிந்திருந்தான்.

"இப்பதான் வலது கைக்கு வந்திருக்கான்," என்றார் சூசை. "அவ இருக்கும்போது நான் எவ்வளவோ சொன்னேன். விட மாட்டா. ஆண்டவர் குடுத்த கைய நீரு என்னத்துக்குத் திருத்துதீரும்பா."

"இப்ப யாரு திருத்துனா?" என்று வைகுண்டம் சார் கேட்டார்.

"யாரும் இல்ல. அவனாத்தான்."

"அவனாவா?"

சூசை மகனைப் பார்த்தார். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்குக் கல்லறையில எல்லாரும் குழிக்குள்ள மண்ணு போட்டோம்," என்றார் சூசை. "இவன் இடது கையில அள்ளிட்டான். எங்க அண்ணன் பக்கத்துல நின்னாரு. சட்டுன்னு இவன் மணிக்கட்டப் பிடிச்சு மண்ண உதறிவிட்டுட்டாரு. பெத்தவளுக்கு இடது கையாலயா மண்ணு போடுதன்னு கேட்டாரு. தப்பா ஒண்ணும் இல்ல. சுத்தி அவ்வளவு சனம். அப்புறம் வலது கையால போட்டான்."

"பெரியப்பா சொன்னது சரிதான சார்," என்றான் மிக்கேல். "அம்மாவுக்குப் போய் இடது கையால போடலாமா?"

வைகுண்டம் சார் எழுந்து போய்க் கை கழுவினார். சாப்பாடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பி வந்து அதே தட்டின் முன்னால் உட்கார்ந்தார். இடது கையைச் சோற்றில் வைத்தார்.

சூசை திடுக்கிட்டார்.

"என்ன சார் இது?"

"பழகுதேன்."

"இந்த வயசுலயா?"

"ஒங்க மகன் பழகலாம், நான் பழகக் கூடாதா?"

அவர் பிசைந்தார். விரல்கள் சேரவில்லை. பாதி உதிர்ந்தது. குழம்பு முழங்கை வரை ஒழுகியது. அப்படியே கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மிக்கேலின் முகம் ஒருமுறை சிரிக்கப் போனது. பிறகு சிரிக்கவில்லை.

"கஷ்டமா இருக்கா சார்?" என்று கேட்டான்.

"ருசியே தெரியல," என்றார் அவர்.

மிக்கேல் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கும் தெரியல சார்," என்றான். "அன்னைலேருந்து."

*

புறப்படும் நேரத்தில் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"நாளைக்கு நான் பேரு குடுக்கணும், மிக்கேல். இதுதான் ஒனக்குக் கடைசி வருஷம்."

"வேற ஆளப் போடுங்க சார்."

"யோசிச்சுச் சொல்லு."

"ஓடி வரும்போது ஒண்ணும் தெரியல. கை மேல போனதும் யாரோ பிடிக்கிற மாதிரி இருக்கு. இங்கன." இடது மணிக்கட்டை வலது கையால் தொட்டுக் காட்டினான். "எல்லாப் பந்துலயும் பிடிக்காங்க."

நான் வைகுண்டம் சாரைப் பார்த்தேன். எத்தனையோ பையன்களை மறுபடி எழுப்பி நிறுத்தியவர். ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன்.

"சரி," என்றார் அவர்.

"என்ன சார், சரிங்கீங்க?"

"பந்து போடுறவன் சொல்லியாச்சு."

"இத்தன வருஷத்துல இந்த மாதிரி நான் பாத்த ஒரே பையன் சார்."

"நானும்தான்."

அவ்வளவுதான். மிக்கேலின் கேம்ப் அந்த வாசலில் முடிந்தது. மறுநாள் நான் சொன்ன பெயர்களில் அவன் பெயர் இல்லை. அன்று வீட்டில் என் மனைவி, யாராவது செத்துட்டாங்களா என்று கேட்டாள்.

ஆனால் அந்த மதியம் அங்கேயே முடியவில்லை. வைகுண்டம் சார் சைக்கிளை எடுக்காமல் மிக்கேலிடம் கேட்டார்.

"கல்லறை எந்தப் பக்கம்?"

*

கல்லறைத் தோட்டம் கடலை ஒட்டி இருந்தது. தரையெல்லாம் மணல். சிலுவைகளின் மேல் உப்புக் காற்று பட்டு சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. மிக்கேல் முன்னால் நடந்தான். நாங்கள் இருவரும் பின்னால். சூசை வரவில்லை.

ஒரு கல்லறையின் முன்னால் அவன் நின்றான். ரீத்தம்மாளின் பெயர் புதுக் கறுப்புப் பெயிண்டில் இருந்தது.

வைகுண்டம் சார் கொஞ்சம் தள்ளிப் போய், மைதானத்தில் ரீத்தம்மாள் உட்கார்ந்ததுபோலவே முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். அவளை அவர் அப்படிப் பார்த்ததில்லை. நானும் சொன்னதில்லை.

நானும் திரும்பிக்கொண்டேன்.

அலைச் சத்தம் கேட்டது. பின்னால் வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு மணலைக் கை அள்ளும் சத்தம். பிறகு மறுபடி ஒன்றுமில்லை.

என்னால் முடியவில்லை. திரும்பினேன்.

மிக்கேலின் இடது கை நீண்டிருந்தது. மூடியிருந்தது. வலது கை தானாக எழுந்து அந்த மணிக்கட்டை நோக்கி வந்தது. பாதியில் நின்றது. கீழே இறங்கியது.

இடது கை திறந்தது.

அவன் உட்கார்ந்து அழுதான். அம்மா செத்த வீட்டில் அவன் அழவில்லை என்று ஊரில் குறையாகச் சொன்னார்கள். நான் கேட்டிருக்கிறேன்.

வைகுண்டம் சாரின் பக்கத்தில் குனிந்து மெதுவாகக் கேட்டேன்.

"இனிப் பந்து வந்துருமா சார்?"

அவர் கடலைப் பார்த்தபடியே இருந்தார்.

"அதுக்கா வந்தோம்?"

மிக்கேல் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தான். பிறகு கல்லறையைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

கல்லறைத் திருநாளுக்கு முன்பே அதைச் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். அவன் போட்ட மண் உள்ளே போகாமல் மேலேயே கிடந்தது.