பட்டத்துக் காருக்கு முதல் மரியாதை

ராஜாக்களுக்கு யானைப் பைத்தியம் தெளிந்து கார்ப் பைத்தியம் பிடித்த காலம் அது. செவ்வந்திக்கோட்டை சமஸ்தானத்து மன்னர் ரணசிங்கருக்கு அது கொஞ்சம் முற்றிப்போயிருந்தது. சீமையிலிருந்து ஒரு சிவப்புப் பந்தயக் காரை இறக்கியிருந்தார். நின்றாலே பறக்கிற மாதிரி இருக்கும். ஆனால் அரண்மனை மேட்டில் ஏறினால் போதும், இஞ்சினுக்குள் யாரோ சுத்தியல் போடுவதுபோல் 'டொக் டொக்' என்று சத்தம். விடிந்தால் பக்கத்துச் சமஸ்தானத்து ராஜாவோடு மலைப்பாதையில் பந்தயம்.

மன்னர் டிரைவர் சவரிமுத்துவைச் சபைக்கு வரவழைத்தார்.

"வண்டியை என்னடா செய்தாய்?"

"நான் ஒண்ணும் செய்யலீங்க, மகாராஜா. இது முறுக்கான இஞ்சின். பிரீமியம் பெட்ரோல்தான் ஊத்தணும்னு வண்டி செஞ்சவனே டாங்கி மூடியில அடிச்சு அனுப்பியிருக்கான். நமக்குக் குடுக்கறது சாதா. அதை ஊத்திக்கிட்டு மேட்டுல மிதிச்சா தட்டத்தாங்க செய்யும்."

"பிரீமியம்தான் மாதம் ஒரு பீப்பாய் பட்டணத்திலிருந்து வருகிறதே! அது எங்கே போகிறது?"

"பட்டத்துக் காருக்குப் போகிறது, மகாராஜா," என்று எழுந்தார் அம்பலவாணர். அரண்மனையில் யாருக்கு என்ன மரியாதை, எந்த வரிசையில் என்று பார்ப்பவர் அவர். வரிசை தப்பினால் சோறு இறங்காது அவருக்கு.

பட்டத்து யானை தெரியும், அதென்ன பட்டத்துக் கார் என்கிறீர்களா? மன்னரின் அப்பா ஓட்டிய பழைய கார். அரண்மனையில் அதற்குப் பெயர் 'பெரியவர்'. வருஷத்துக்கு ஒருமுறை தேருக்குப் பின்னால், நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்தில் நகரும். பரம சாது. பிரீமியம் ஊற்றினாலும் சாதா ஊற்றினாலும் அதற்கு ஒன்றுதான். ஆனால் வயதில் மூத்தது. ஆகவே உசத்திப் பெட்ரோல் அதற்கு. நேற்று வந்த சிவப்புக் காருக்குச் சாதா. இது அம்பலவாணர் சட்டம்.

"பெரியவரின் முதல் மரியாதை குறையாது என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தவர் தாங்கள்," என்றார் அம்பலவாணர். "இவனுக்கு ஓட்டத் தெரியவில்லை. பழியைப் பெட்ரோல் மேல் போடுகிறான். நாளைக்குத் தோற்றால் வீட்டைக் காலி செய்துகொண்டு போகட்டும்."

சத்தியத்தை மீற மன்னருக்கு மனம் வரவில்லை. "சரி, தோற்றால் வேலை போயிற்று," என்றார்.

சவரிமுத்து பெண்டாட்டி பிள்ளைகளோடு அரண்மனைக் குடியிருப்பில் இருப்பவன். தோற்கப்போவது நிச்சயம் என்று தெரிந்தே ஓட்டப் போகிறவன் வேறென்ன செய்வான்? பரிதாபமாக விகடகவி பஞ்சநதத்தைப் பார்த்தான். மன்னரும் அவரைத்தான் பார்த்தார்.

"பஞ்சநதம், சிவப்புக் காருக்குப் பிரீமியம் கிடைக்க வேண்டும். பெரியவரின் முதல் மரியாதையும் குறையக் கூடாது. என் சத்தியமும் கெடக் கூடாது. இருப்பது ஒரே பீப்பாய். வழி சொல்லும்!"

"இவ்வளவுதானே? காலையில் ஒரு பூஜை மணி, ஒரு திரைச்சீலை, கொஞ்சம் கற்பூரம்..."

"ஐயோ, கற்பூரம் வேணாங்க! பெட்ரோலுங்க!" என்று அலறினான் சவரிமுத்து.

"சரி, மணியும் திரையும் போதும். முதல் மரியாதையை அம்பலவாணரே முன்னால் நின்று நடத்தட்டும்."

அம்பலவாணருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விடிந்ததும் கார்க்கொட்டகைக்கு வந்து பெரியவருக்கு மாலை போட்டார். முகப்பு விளக்கில் பரிவட்டம் கட்டினார். பிரீமியம் பீப்பாயைத் தன் கையாலேயே உருட்டிவந்து எதிரில் நிறுத்தினார். பஞ்சநதம் திரையை இழுத்து மூடி, கணகணவென்று மணி அடித்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரையை விலக்கினார்.

"பெரியவர் திருப்தியாக ஏற்றுக்கொண்டார். சவரிமுத்து, பிரசாதத்தை எடுத்துக்கொள்!"

சாதாவை முன்னமே வடித்து வைத்திருந்த சிவப்புக் காரை நோக்கிப் பீப்பாய் உருண்டது. அம்பலவாணர் குறுக்கே பாய்ந்தார்.

"நிறுத்து! பெரியவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லையே!"

பஞ்சநதம் நிதானமாகக் கேட்டார். "அரண்மனைக் கோயிலில் தினமும் சர்க்கரைப் பொங்கலில் முதல் பங்கு யாருக்கு?"

"எனக்குத்தான். அது என் பதவிக்கு உரிய மரியாதை."

"நைவேத்தியம் ஆன பிறகுதானே?"

"பின்னே?"

"சாமி அதில் ஒரு கவளமாவது குறைத்ததுண்டா?"

அம்பலவாணர் ஓர் அடி பின்வாங்கினார்.

"சாமி நிஜமாகவே சாப்பிட்டு, மிச்சம் இருந்தால்தான் பொங்கல் என்று மகாராஜாவை உத்தரவு போடச் சொல்லட்டுமா?"

அம்பலவாணரின் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. "ஊற்றப்பா, ஊற்று," என்றார் ஈனசுரத்தில்.

பந்தயத்தை என்னவென்று சொல்ல! மலை ஏறி இறங்கும்வரை சிவப்புக் காரிலிருந்து ஒரு 'டொக்' வரவில்லை. பக்கத்து ராஜா வழி முழுவதும் புழுதியைத்தான் பார்த்தார். சவரிமுத்து இறங்கிவந்து, "தட்டவே இல்லீங்க, மகாராஜா," என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதான். "உன் வேலையை இனி யாரும் தொட முடியாது. மாதாமாதம் இதே பூஜை நடக்கட்டும்," என்றார் மன்னர். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

மாலையில் சபை கூடியது. மன்னர் ஒரு தங்கக் காப்பை எடுத்துப் பஞ்சநதத்தின் கண்ணெதிரே இப்படியும் அப்படியும் காட்டினார். காட்டிவிட்டுத் திரும்பப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார்.

"உமக்குப் பரிசு கொடுத்தாயிற்று. காட்டினால் போதுமென்று நீர்தானே வழி சொன்னீர்?"

சபை கொல்லென்று சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் அம்பலவாணர்.

பஞ்சநதம் பணிவாகக் கும்பிட்டார்.

"சாமிக்குத்தான் காட்டினால் போதும், மகாராஜா. நான் காலையில் மணி அடித்தவன். பூசாரி வெறுந்தட்டோடு வீட்டுக்குப் போய் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காப்பைத் தன் கையாலேயே பஞ்சநதத்துக்கு மாட்டிவிட்டார்.