சுப்புணியின் அடுப்பில் ஈயச்சொம்பு

தீர்ப்புச் சொல்ல வாய் துறுதுறுக்கிறவர்கள் கொஞ்சம் கிட்டே வாருங்கள், ஒரு வழக்கு இருக்கிறது.

கல்லிடைக்குறிச்சிக் கல்யாணங்களில் சுப்புணி வைக்கும் ரசம் என்றால் தனிப் பேச்சு. ஈயச்சொம்பில்தான் வைப்பார். ஈயத்துக்கு ஒரு குணம். உள்ளே ரசம் இருக்கும்வரை அடுப்பில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். வற்றிவிட்டால் போச்சு. பித்தளை என்றால் அடி கருகும், தேய்த்துக்கொள்ளலாம். ஈயம் அப்படியே இளகி அடுப்பில் வழிந்துவிடும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் சுப்புணி வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு ஊர்க்கதை பேசப் போனார். சொம்பு உருகிற்று. கூடச் சமைக்க வந்திருந்தவள் பக்கம், "கோமதிதான் வெச்சா" என்று கூசாமல் கையை நீட்டினார். அன்றிலிருந்து கோமதியை எந்தக் கல்யாணத்திலும் அடுப்பண்டை விடவில்லை. தேங்காய் துருவத்தான் கூப்பிட்டார்கள். கைமணம் உள்ளவள் எட்டு வருஷம் தேங்காய் துருவினால் வயிறு எரியாதா? எரிந்தது.

போன தை மாதம் பட்டம்மாள் வீட்டுக் கல்யாணம். தன் அம்மா கொடுத்த ஈயச்சொம்பை நம்பி எடுத்துக் கொடுத்திருந்தாள் பட்டம்மாள். சுப்புணி அதில் ரசத்தை வைத்துவிட்டு, சம்பந்தி வீட்டாரிடம் பெருமையடிக்கப் பந்தலுக்குப் போனார். போனவர் போனவர்தான். கோமதி தேங்காய் துருவிக்கொண்டே பார்த்தாள். ரசம் பாதியாயிற்று, காலாயிற்று. கையெட்டும் தூரத்தில் குடம் நிறையத் தண்ணீர். 'உருகட்டும், அவன் மானமும் சேர்ந்து போகட்டும்' என்று துருவியபடியே இருந்தாள்.

சொம்பு சரிந்தது. சமையல்கட்டில் கூட்டம் கூடியது. ஓடிவந்த சுப்புணி மறுபடியும் அதே கையை நீட்டினார். "இவதான் வெச்சா."

"வெறும் சொம்பை வெச்சா உருகாம என்ன பண்ணும், அண்ணா?" என்றாள் கோமதி நிதானமாக.

சுப்புணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு வெறும் சொம்பை வெச்சா? கழுத்துமுட்ட ரசத்தோடன்னா வெச்சுட்டுப் போனேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். இந்தச் சொம்பை வைத்தவர் அவரே என்றால் எட்டு வருஷப் பழியும் யாருடையது என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது.

பட்டம்மாள் மட்டும் கோமதியின் பக்கத்தில் வந்தாள். "நீ பாத்துண்டேதானே இருந்தே?"

"ஆமாம் மாமி."

இப்போது சொல்லுங்கள். அந்தச் சொம்பு போனதற்கு யார் பொறுப்பு? மறந்துபோன சுப்புணியா, பார்த்துக்கொண்டிருந்த கோமதியா?

விடை: சுப்புணி செய்தது அசட்டை. அதற்கும் பழி போட்டதற்கும் சேர்த்து ஊர் நடுவில் தலைகுனிந்தாயிற்று. ஆனால் ஒரு செம்பு தண்ணீரில் பிழைத்திருக்கும் பாத்திரம், கோமதிக்குத் தெரிந்தே போயிற்று. பட்டம்மாள் அவளுக்கு என்ன கெடுதல் செய்தாள்? சொம்பின் பொறுப்பு கோமதியுடையதுதான். அவளே அதை ஒப்புக்கொண்டாள், வருத்தப்படவில்லை என்றும் சொன்னாள். இளைய மகள் கல்யாணத்தில் பட்டம்மாள் அடுப்பைக் கோமதியிடமே கொடுத்தாள். பாத்திரம் மட்டும் எவர்சில்வர்.