நாலு விரல் கனத்தில் ஒரு கல்

சாரத்தில் ஏறினால் தலை சுற்றுகிறது என்று கொத்து வேலையை விட்ட மருதப்பன், அறுபத்திரண்டு வயதில் மலையேறிச் சாமியாராகப் போனதைக் கேட்டு ஊரே சிரித்தது. மகள் அன்னக்கொடி மட்டும் சிரிக்கவில்லை.

உச்சிக்குச் சற்றுக் கீழே, புல்வெளி ஓரத்தில் ஒரு குடிசை. அதில் நாச்சியம்மை என்ற துறவி தனியாக இருந்தார். அன்னக்கொடியைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். குருவுக்கு வயதா பார்ப்பார்கள்? மருதப்பன் காலில் விழுந்துவிட்டார். நாச்சியம்மை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு போர்வையை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று மாதம் போயிற்று. அரிசி சுமந்து வருகிற ஆள் ஒரு நாள் மகளின் கடிதத்தையும் கொண்டுவந்தான். மருதப்பன் படித்தார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வீட்டுக்குக் கூப்பிடுறா, தாயி."

"போறதுதானே?"

"போயி? அவ மில்லுக்குப் போயிருவா. மருமகன் லாரியில. நான் கூடத்துல சுவரோரமா உட்கார்ந்திருப்பேன், சும்மா கெடக்குற கல்லு மாதிரி. பேரப்பிள்ளைங்க ரெண்டும் மேல சாஞ்சு தூங்கும். வேற எதுக்கு ஆகுறேன் நான்? உதவாத ஆளுக்கு எதுக்குச் சோறுன்னு அவ ஒரு நாளும் கேக்கல. எனக்கே பொறுக்கல, வந்துட்டேன். போகலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்க."

நாச்சியம்மை சுள்ளி பொறுக்கப் போய்விட்டார்.

கொத்தனார் கை சும்மா இருக்குமா? மறுநாள் காலை, குரு உட்கார ஒரு மேடை கட்டலாம் என்று புல்வெளியில் கல் தேடினார் மருதப்பன். நாலு விரல் கனத்தில், தட்டையாக, ஒரு கல் வெயிலில் கிடந்தது. அத்தனை ஒழுங்கான கல் குவாரியில்கூடக் கிடைக்காது. ஆசையாக நெம்பி எடுத்தார்.

அடியில் எறும்புக் கூடு. முட்டையும் குஞ்சுமாக, அரிசியைக் கொட்டியதுபோல் வெள்ளை வெள்ளையாக இருந்தன. எறும்புகள் அலறிப் புடைத்துக்கொண்டு ஆளுக்கொன்றைக் கவ்வியபடி மண்ணுக்குள் ஓடின.

தட்டைக் கல்லை மேடைக்கென்று ஒதுக்கிவைத்த மருதப்பன் பரிகாரம் செய்யாமல் விடுவாரா? ஒரு முழக் கனத்தில் பாறாங்கல்லை உருட்டி வந்து, எறும்பு போகவர இடம்விட்டு, சின்னக் கற்களால் அண்டை கொடுத்து, அந்த இடத்தில் வைத்தார். நல்ல வேலைப்பாடு, குறை சொல்ல முடியாது.

"யானை வந்து மிதிச்சாலும் அசையாது, தாயி."

"சரி" என்றார் நாச்சியம்மை.

மூன்று நாள், மதியம்தோறும் மருதப்பன் மண்டியிட்டு இடுக்கு வழியே பார்த்தார். ஒரு வெள்ளைக் குஞ்சுகூட மேலே வரவில்லை. மூன்றாம் நாள் குருவைக் கூப்பிட்டார்.

"எல்லாம் செத்துப்போச்சுங்களா?"

"கல்லைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். மேலே லேசான சூடு. அடியில் கை கொடுத்தார். ஜில்லென்றிருந்தது.

"இது ரொம்பப் பெருசு. அடிவரைக்கும் சூடேறுறதுக்குள்ள மலையில பொழுது சாஞ்சிரும். இந்தக் குளிர்ல சூடு இல்லாம எறும்புக்குஞ்சு வளராது. பழைய கல்லு எங்க?"

மருதப்பன் ஓடிப்போய் எடுத்துவந்து, பாறாங்கல்லை உருட்டித் தள்ளினார். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம், எந்தப் பள்ளமோ அதே பள்ளம். வைத்துவிட்டு அன்றைக்குச் சோறுகூடச் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மதியம் நாச்சியம்மையே அவரை அழைத்துப்போனார்.

"ஓரத்தை மட்டும் மெதுவாத் தூக்குங்க."

தூக்கினார். அத்தனை குஞ்சுகளும் மேலே வந்திருந்தன. கல்லின் அடியை ஒட்டி, அடுக்கி வைத்ததுபோல் கிடந்தன. ஒன்றும் நசுங்காமல் கல்லை இறக்கிவிட்டு, மருதப்பன் சின்னப் பிள்ளைபோல் சிரித்தார். கண்ணும் கலங்கியிருந்தது.

"இந்தக் கல்லு அப்படி என்னதான் பண்ணுது, தாயி?"

"ஒண்ணும் பண்ணல. கெடக்குது."

மருதப்பன் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

நாச்சியம்மை கேட்டார். "கடுதாசியில மக என்ன எழுதியிருக்கா?"

இடுப்பிலிருந்து எடுத்துப் பிரித்தார். எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"'சின்னவன் நீங்க உட்கார்ற எடத்துல தலகாணியை அடுக்கி வச்சுச் சாஞ்சு பாக்குறான். தூக்கம் வரலன்னு அழுவுறான்.'"

"எத்தனை தலகாணி?"

"எழுதல, தாயி. வீட்ல மூணு இருக்கு."

நாச்சியம்மை கையை நீட்டினார்.

"என் போர்வையைக் குடுங்க, அண்ணே. இப்ப எறங்குனா சாயங்கால பஸ்ஸைப் பிடிச்சிரலாம்."